மூச்சு வாங்குறவங்க கையில ஸ்டெப் வாட்ச்: எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது

கேள்வி: கீழக்கரையிலிருந்து ஒரு வாசகர், 09.01.2025

வாப்பாவுக்கு 68 வயசு. சி.ஓ.பி.டி.ன்னு (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு) சொல்லி ரொம்ப நாளா பம்ப் (இன்ஹேலர்) அடிக்கிறாக. துபாய்ல இருக்க மச்சான் ஒரு வாட்ச் அனுப்பிருக்காரு. நடந்த அடி, நெஞ்சுத் துடிப்பு, ஆக்சிஜன் எல்லாம் காட்டுது. ஒரு நாளைக்கு 1,900 அடிதான் வருது. பத்தாயிரம் வேணும்னு ஆளாளுக்குச் சொல்றாங்க. வாப்பாவை விரட்டி நடக்க வைக்கவா, வாட்சைக் கழட்டி வைக்கவா?

09.01.2025, ராத்திரி

ரெண்டும் வேணாம் காக்கா (கீழக்கரைப் பக்கம் அண்ணனை இப்படித்தான் கூப்பிடுவாக). ஒரு வாரம் ஒண்ணும் சொல்லாம கட்டிக்கிட்டு இருக்கட்டும். வழக்கமா என்ன செய்வாகளோ அதையே செய்யட்டும். ஏழு நாள் கணக்கைக் கூட்டி வகுத்தா வர்றதுதான் உங்க வாப்பாவோட அளவு. இனிமே எதை ஒப்பிட்டாலும் அதோட மட்டும் ஒப்பிடுங்க. மச்சான் கணக்கோட ஒப்பிட ஆரம்பிச்சா வாட்ச் நாலாம் நாளே மேசை டிராயருக்குள்ள போயிரும்.

பத்தாயிரம்ங்கிறது டாக்டர் எழுதின அளவு இல்ல. 1964 டோக்கியோ ஒலிம்பிக் முடிஞ்ச சூட்டோட, 1965ல ஜப்பான்ல யமாசாங்கிற கம்பெனி இடுப்புல மாட்டுற அடி எண்ணும் கருவிய அந்த எண்ணைச் சொல்லித்தான் வித்தாங்க. விளம்பரம் ஜெயிச்சிருச்சு, அவ்வளவுதான். நுரையீரல் அடைப்பு உள்ளவங்களுக்கு ஆராய்ச்சிக்காரங்க வச்சிருக்க கணக்கு வேற: தன்னோட வழக்கத்துக்கு மேல ஒரு நாளைக்கு 600ல இருந்து 1,100 அடி கூடினாலே அது உடம்புக்குப் பிரயோஜனமான மாற்றம். அப்ப வாப்பாவுக்கு 1,900ங்கிறது 2,500 ஆனா போதும். அதுவும் மாசக்கணக்குல.

10.01.2025

"நீ டாக்டரா?"ன்னு கேட்டவருக்கு: இல்ல. மண்டபத்துல மொபைல் கடை. வாட்ச் விக்கிறேன், கெட்டுப்போனதைப் பிரிக்கிறேன். எங்க அம்மாவுக்கு இதே வியாதி, அதனால இந்த விசயத்துல கொஞ்சம் வாசிப்பு.

அம்மா பீடி சுருட்டு தொட்டதில்ல. சாயல்குடிப் பக்கம் பொறந்து வளந்தவுக. சின்ன வயசுல இருந்து பதநீர் காய்ச்சின ஆளு. விடியக்காலம் அடுப்புப் பத்தவச்சா, பாகு பதம் வர்ற வரைக்கும் அடுப்படிய விட்டு நகர முடியாது. எரிக்கிறது பனமட்டையும் சீமைக்கருவேல முள்ளும். கல்யாணத்துக்குப் பெறகும் விறகடுப்புதான். வீட்டுக்கு கேஸ் வந்ததே 2016ல உஜ்வாலா திட்டம் வந்த பெறகு. மொதல்ல காட்டின டாக்டர், "வீட்ல யாரும்மா சிகரெட் குடிப்பாங்க?"ன்னு கேட்டாரு. அம்மா அடுப்பைத்தான் சொல்லணும்.

எங்க பக்கம் இதை இளைப்புன்னுதான் சொல்லுவாக. இளைப்பு வந்தா உக்காரணும், வேலை செய்யக் கூடாதுன்னு ஒரு நம்பிக்கை. அதைப் பத்தி அப்புறம் சண்டை போடலாம்.

12.01.2025

1,900ங்கிறதையே மொதல்ல சந்தேகப்படுங்க. எல்லா வாட்சுக்குள்ளயும் இருக்கிறது அசைவை அளக்கிற ஒரு குட்டி சில்லு. மேல கீழ, முன்ன பின்ன, இடம் வலம்னு மூணு பக்கமும் எவ்வளவு குலுங்குதுன்னு பாக்கும். ஒரு அளவுக்கு மேல, ஒரு தாளத்தோட குலுங்கினாத்தான் அதை அடின்னு ஒத்துக்கும். மெதுவா தேச்சுத் தேச்சு நடக்கிறவங்களோட குலுக்கம் அந்த அளவைத் தொடாது. இன்னொண்ணு, நிறைய வாட்ச் பத்தடி போலத் தொடர்ந்து நடந்தாத்தான் எண்ணவே தொடங்கும். எங்க வீடு மாதிரி ரெண்டு பத்தி வீட்ல அடுப்படியில இருந்து கொல்லைக்குப் போறதே எட்டடி. அம்மா நாள் முழுக்க அப்படி நடந்தாலும் வாட்சைக் கேட்டா உக்காந்தே இருந்தாகன்னு சொல்லும்.

சோதிக்க ஒரு வழி: நீங்க கூட நடந்து வாய்விட்டு நூறடி எண்ணுங்க. முன்னயும் பின்னயும் வாட்ச் காட்டுற எண்ணைக் குறிச்சுக்கங்க. அம்மாவோட இயல்பான நடையில நூறுக்கு நாப்பது சொச்சம்தான் ஏறுச்சு. எனக்குத் தொண்ணூத்தஞ்சுக்கு மேல. வாட்ச் ஒண்ணுதான், நடைதான் வேற.

இதைவிடக் கூத்து தண்ணி வண்டி. ராம்நாடு பக்கம் தெரியாதவங்களுக்கு: குடங்களை அடுக்கிக் கையால தள்ளிக்கிட்டுப் போற தள்ளுவண்டி. தெருவுக்கு நாலு வீட்ல நிக்கும். அம்மா அதைத் தள்ளிக்கிட்டுக் குழாயடி வரைக்கும் போயிட்டு வந்தாக. வாட்ச்ல ஒண்ணுமே ஏறல. மணிக்கட்டு வண்டிக் கைப்பிடியில நிலையா இருக்குல்ல, குலுங்கவே இல்ல. அதே நாள் சாயங்காலம் தங்கச்சி மகளைத் தொட்டில்ல போட்டு உக்காந்த இடத்துல ஆட்டினாக. ரெண்டாயிரத்துக்கு மேல ஏறிப்போச்சு. "இன்னிக்கு டார்கெட் முடிச்சிட்டீங்க"ன்னு வாட்ச் அதிர்ந்து வாழ்த்துது. பிள்ளை முழிச்சிருச்சு.

15.01.2025

பொங்கலுக்குக் கடை லீவு. போன வாரம் ஒருத்தர் கொண்டாந்து, "ஆக்சிஜன் சரியாக் காட்டுதா பாருங்க"ன்னு குடுத்துட்டுப் போன மலிவு வாட்ச் ஒண்ணு கையில இருந்துச்சு. வீட்ல பனங்கிழங்கு அவிச்சு வச்சிருந்தாங்க. ஒரு கிழங்கை எடுத்து வாட்சைக் கட்டி ஆக்சிஜன் பட்டனைத் தட்டினேன். 97. நெஞ்சுத் துடிப்பு 74. நல்ல ஆரோக்கியமான கிழங்கு.

விளக்கம்: நல்ல வாட்ச்ல பச்சை வெளிச்சம் துடிப்புக்கு, சிவப்பும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் ஆக்சிஜனுக்கு. ரெண்டு வெளிச்சத்தையும் ரத்தம் எவ்வளவு உறிஞ்சுதுங்கிற விகிதத்துல இருந்து கணக்குப் போடணும். ஜப்பான் இஞ்சினியர் தக்குவோ அவோயாகி 1974ல கண்டுபிடிச்ச வழி அது. மலிவுல சிலதுல அந்த உணரியே கிடையாது. எரியிற விளக்கு சும்மா சோடனை. தொண்ணூத்தஞ்சுக்கும் தொண்ணூத்தொன்பதுக்கும் நடுவுல எதையாவது போட்டுக் காட்டும். வாங்குறதுக்கு முன்னாடி கடையில கிடைக்கிற எதுலயாவது கட்டிப் பாருங்க. ஒரு எண்ணும் வராம "அளக்க முடியல"ன்னு சொன்னா அது யோக்கியமான வாட்ச்.

16.01.2025

கிழங்கைச் சாப்பிட்டாச்சு. அதுக்கு அப்புறம் வாட்ச் கட்டிப் பாக்கல. ஆளாளுக்கு அதையே கேக்காதீங்க.

02.02.2025

கீழக்கரை காக்கா ராத்திரி ரெண்டு மணிக்குப் பதறிப்போய் எழுதியிருக்காக. தூக்கத்துல வாப்பாவுக்கு வாட்ச் 84 காட்டுச்சாம். எழுப்பி விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர்ல பாத்தா 93.

மணிக்கட்டுல அளக்கிறது விரல்ல அளக்கிற அளவுக்கு நம்பகம் இல்ல. தூக்கத்துல கை மடங்கும், வார் நெகிழும், கை சில்லிட்டுப் போகும், எண் சறுக்கும். நான் செய்யச் சொல்றது: எழுந்து உக்காந்து, உள்ளங்கையத் தேச்சு சூடாக்கி, விரல்ல மாட்டி, எண் நிலைக்கிற வரைக்கும் ஒரு நிமிசமாவது கை அசையாம இருக்கணும். உக்காந்திருக்கும்போதே விரல்ல 88க்குக் கீழ திரும்பத் திரும்பக் காட்டினா டாக்டர்கிட்டப் போகணும். அவுக தமனியில ரத்தம் எடுத்து வாயு அளவு பாத்து முடிவு சொல்லுவாக.

விரல் மெசினுக்கும் ஒரு குறை உண்டு. 2020ல அமெரிக்காவுல மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்காரங்க, கறுப்பின நோயாளிகள்ட்ட இந்தக் கருவி உண்மையான குறைவைக் கண்டுபிடிக்காம விடுறது வெள்ளைக்காரங்களை விட ஏறக்குறைய மூணு மடங்குன்னு காட்டினாங்க. தோல் கறுத்திருந்தா இல்லாத ஆக்சிஜனை இருக்குன்னு காட்டக்கூடும். உப்புக்காத்துலயும் வெயில்லயும் நிக்கிற நம்ம ஆட்கள் இதை மனசுல வச்சுக்கணும். எண் நல்லா இருக்கு, ஆனா ஆளு வாக்கியம் முடிக்க முடியாம மூச்சு வாங்குதுன்னா, ஆளைத்தான் நம்பணும்.

முக்கியமான ஒண்ணு. வீட்ல ஆக்சிஜன் மெசின் வச்சிருக்கவங்க எண்ணைப் பாத்துட்டு நீங்களாத் திருகி ஏத்தாதீங்க. இந்த வியாதியில சிலருக்கு ஆக்சிஜன் அதிகமாப் போனா கரியமில வாயு உள்ளயே தங்கி மயக்கம் வரைக்கும் கொண்டுபோகும். அதனாலதான் அப்படிப்பட்டவங்களுக்கு 88ல இருந்து 92ன்னு இலக்கு வைக்கிறாங்க. ஆஸ்திரேலியாவுல டாஸ்மேனியாவுல ஆம்புலன்ஸ்லயே சோதிச்சு 2010ல வெளியிட்டாங்க: தாராளமாக் குடுத்தவங்கள்ல 9 சதவீதம் பேர் இறந்தாங்க, அளந்து குடுத்தவங்கள்ல 4. நூறு வரணும்ங்கிற ஆசையெல்லாம் பரீட்சை மார்க்கோட இருக்கட்டும்.

05.02.2025

விட்டுப்போனது: நகப்பூச்சு, கறுப்பு மெகந்தி இருந்தா விரல் மெசின் தடுமாறும். கல்யாண வீட்டுக்குப் போயிட்டு வந்து பாட்டிக்கு ஆக்சிஜன் இறங்கிருச்சுன்னு ஆட்டோ பிடிச்சவங்களை எனக்குத் தெரியும். பம்ப் அடிச்ச கொஞ்ச நேரத்துக்குத் துடிப்பு ஏறும், கை நடுங்கும். பம்ப்ல இருக்கிற சால்புட்டமால் மருந்தோட குணம் அது. அப்ப வாட்ச் கத்தினா அதுக்கு ஒரு நல்ல உடற்பயிற்சி செஞ்சதா நினைப்பு.

06.03.2025

நோன்பு தொடங்கியிருக்கு. வாப்பாவோட பகல் அடி பாதியாக் குறைஞ்சிருச்சு, நோய் கூடிருச்சான்னு கேள்வி. ராத்திரிக் கணக்கைத் தனியாப் பாருங்க. தராவீஹ் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போயிட்டு வர்ற நடை அங்க இருக்கும். வாட்சோட நாள் நள்ளிரவுல புரளும், சஹருக்கு (விடியுறதுக்கு முன்ன சாப்பிட) எந்திரிச்ச நடை அடுத்த நாள்ல விழும். இந்த மாசத்தை ரஜப் மாசத்தோட (ஜனவரியில எடுத்த கணக்கு) ஒப்பிடாதீங்க. பெருநாள் கழிஞ்சு ஒரு வாரம் ஆன பெறகு பழைய அளவோட பாருங்க. நோன்போட பம்ப் அடிக்கலாமாங்கிறதை ஆலிம்சாவும் டாக்டரும் சேந்து சொல்லணும், நான் சொல்லக் கூடாது. நீங்களா நிறுத்தாதீங்க, அது மட்டும்.

08.04.2025

பாம்பன்ல புது ரயில் பாலம் தொறந்தாச்சு (6ஆம் தேதி), ஊரே ரோட்டுப் பாலத்துல நின்னு வேடிக்கை பாக்குது. எங்க மாமா, அம்மாவோட தம்பி, அதே கூட்டத்துல. விசைப்படகுல கூலிக்குப் போறவரு. பீடி. அவருக்கும் இளைப்புதான், ஆனா ஒத்துக்க மாட்டாரு. அக்கா கையில வாட்சைப் பாத்துட்டு எனக்கும் ஒண்ணு குடுடான்னு வாங்கிக்கிட்டாரு. இப்ப சவால்: ரோட்டுப் பாலத்தை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் நடந்து காட்டுறேன்னு.

1988ல தொறந்த பாலம். ரெண்டேகால் கிலோமீட்டருக்கு மேல நீளம். மெதுவா நடக்கிறவருக்கு ஒரு வழியே நாலாயிரம் அடிக்குப் பக்கம் வரும். நடுவுல கப்பல் போறதுக்காக ஏத்தம். காத்து முகத்துல அறையும். உக்கார ஒரு கல்லு கிடையாது. மூச்சு வாங்குறவங்க நடக்கக் கூடாத இடம்னு ஒண்ணு கட்டச் சொன்னா இப்படித்தான் கட்டுவாங்க. மாமா முதல் வளைவு தாண்டி நின்னுட்டு, வர்ற லாரியில ஏறிப் போயிட்டாரு. லாரிக் குலுக்கத்துலயும் வாட்ச் அடி எண்ணியிருக்கு. "நடந்துட்டேன், இங்க பாரு"ன்னு காட்டுறாரு.

20.05.2025

தடைக்காலம். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. மாமா வலை பின்னுறாரு, மீதி நேரம் திண்ணை. "நல்லா ஓய்வு, இப்ப இளைப்பே இல்ல"ன்னாரு. வாட்சை வாங்கிப் பாத்தேன். தொழிலுக்குப் போன நாட்கள்ல வந்ததுல கால்வாசி கூட இல்ல.

இளைப்பு இல்லாம இல்ல, இளைக்கிற வேலையே செய்யல. ஜனவரி பத்தாம் தேதி அன்னிக்கு சொன்ன சண்டை இதுதான். மூச்சு வாங்குதுன்னு உக்காருவோம். உக்காந்தா தொடைச் சதை கரையும். சதை கரைஞ்சா அதே தூரத்துக்குக் கூட ஆக்சிஜன் கேக்கும், இன்னும் சீக்கிரம் மூச்சு வாங்கும். அதனால இன்னும் உக்காருவோம். 2005ல பெல்ஜியத்துல அளந்து பாத்திருக்காங்க: ஒரு நாள்ல இந்த நோயாளிகள் நடக்கிற நேரம் சராசரி 44 நிமிசம், அதே வயசுல நல்லா இருக்கவங்க 81 நிமிசம். 2011ல ஜெர்மனியில 170 பேரை நாலு வருசம் பின்தொடர்ந்து பாத்ததுல, யார் பிழைப்பாங்கங்கிறதைச் சொல்றதுல நுரையீரலைச் சோதிக்க ஊதிப் பாக்கிற டெஸ்டை விட அன்றாட நடமாட்டம் முந்தி நின்னுச்சு. உக்காந்தாத்தான் சாகுறாங்களா, சாகப்போற அளவுக்கு முத்தினவங்க உக்காந்துர்றாங்களான்னு அதை வச்சு மட்டும் பிரிக்க முடியாது. ரெண்டும் இருக்கும். மாமாகிட்ட முதலாவதை மட்டும்தான் சொன்னேன்.

22.05.2025

"அப்ப கடற்கரையில நடக்கச் சொல்லவா?"ன்னு தேவிபட்டினத்துல இருந்து. ஈர மணல், தண்ணி ஓரமா இறுகிக் கிடக்கிறது, சரி. காஞ்ச மணல் வேணாம். பொதபொதன்னு இருக்கிற மணல்ல நடக்க, கட்டாந்தரையில நடக்கிறதை விட ரெண்டு மடங்குக்கும் மேல சக்தி போகும்னு 1998லயே அளந்திருக்காங்க. வாட்ச்ல ஆயிரம் அடி ஆயிரமாத்தான் தெரியும். நெஞ்சுக்குத் தெரியும் எத்தனைன்னு.

11.06.2025

எங்க கட்டுறதுங்கிறதுக்கு இப்ப ஒரு முடிவுக்கு வந்திருக்கேன். கணுக்கால்ல கட்டினா மெது நடையும் நல்லாவே ஏறுது, ஆனா அம்மா "நான் என்ன கொலுசு போடுற வயசா?"ன்னு கழட்டிருவாக. போலீஸ் கட்டின மாதிரி இருக்குன்னு பக்கத்து வீட்டம்மா வேற.

வழி சொன்னது அம்மாதான். வெத்தலை வைக்கிற சுருக்குப்பை இடுப்புல எப்பவும் இருக்கு. வாரைக் கழட்டிட்டு வாட்சை மட்டும் அதுக்குள்ள போட்டாச்சு. ஆராய்ச்சிக்காரங்க இடுப்புல கட்டி அளக்கிறதும் இதுக்குத்தான்: நடந்தா இடுப்பு அசைஞ்சே ஆகணும். நூறடிச் சோதனையில எண்பதைத் தாண்டுது. தொட்டில் ஆட்டினா ஏறல, தண்ணி வண்டி தள்ளினா ஏறுது. துடிப்பும் ஆக்சிஜனும் வராது. போகட்டும், அதுக்கு விரல் மெசின் இருக்கு. வாட்ச் முழுக்க சுண்ணாம்பு, அது ஒண்ணுதான்.

ஒண்ணு கவனம்: கட்டுற இடத்தை மாத்தினா பழைய அளவு செல்லாது. புதுசா ஒரு வாரம் எடுத்துத் தொடங்கணும்.

13.06.2025

தண்ணி வண்டின்னதும் ஞாபகம் வந்துச்சு. எனக்கு ரொம்ப நாளாப் புரியாத விசயம். வெறுங்கையா நடந்தா அம்மா பள்ளிக்கூட முக்குல நின்னுருவாக. வண்டியத் தள்ளிக்கிட்டுப் போனா நிக்காம குழாயடி வரைக்கும் போறாக. பாரத்தோட போனா எப்படி லேசா இருக்கும்?

மக்களைத் தேடி மருத்துவத்துல (2021 ஆகஸ்ட்ல வந்த திட்டம்) எதிர்வீட்டுப் பெரியவருக்குப் பக்கவாதப் பயிற்சி குடுக்க வர்ற பிசியோதெரபிப் பொண்ணுகிட்டக் கேட்டேன். சிரிச்சிக்கிட்டே, "வெளிநாட்ல இதுக்கே சக்கரம் வச்ச நடைவண்டி குடுக்குறாங்கண்ணே"ன்னுச்சு. கைய ஊன்றி லேசா முன்னால சாஞ்சா, தோள்பட்டைச் சதைகளுக்குப் பிடிமானம் கிடைக்குது, அதுகளும் மூச்சிழுக்க ஒத்தாசை பண்ணுது. மூச்சு வாங்குறப்ப தானா முழங்கால்ல கைய ஊன்றிக் குனியிறோமே, அதே சங்கதி. அதுக்கு நேர்மாறு கையத் தூக்கிச் செய்யிற வேலை: கொடியில துணி காயப் போடுறது, தலை சீவுறது, கிணத்துல இறைக்கிறது. நாலடி நடக்காமலே அம்மாவுக்கு இளைக்கிறது அதனாலதான். வாட்ச்ல அந்த இளைப்புக்கு இடமே கிடையாது.

அந்தப் பொண்ணே ஒரு மூச்சும் சொல்லிக் குடுத்துச்சு. மூக்கால இழுத்து, உதட்டைக் குவிச்சு, சூடான டீய ஊதுற மாதிரி இழுத்ததை விட ரெண்டு மடங்கு நேரம் எடுத்து விடணும். இப்ப காலி வண்டிதான், ஒரு குடம் மட்டும், அது சாயாம இருக்க. குடத்துல தண்ணி இருக்கா இல்லையாங்கிறது எங்க வீட்டு ரகசியம். காலி வண்டியத் தள்ளிக்கிட்டு உலாத்துறாகன்னு தெருவுல சொல்லிரக் கூடாதாம்.

03.07.2025

ரெண்டு மூணு நாளா சுருக்குப்பைக் கணக்கு சரிஞ்சுக்கிட்டே வந்துச்சு. வழக்கத்துல பாதி. கேட்டா "நல்லாத்தான் இருக்கேன்"னாக. சோழகக்காத்து, புழுதி, அதனால வெளிய போகலன்னாக. நான் மூணு கேள்வி கேட்டேன்: மூச்சு வாங்குறது கூடியிருக்கா, சளி கூடியிருக்கா, சளி நிறம் மாறியிருக்கா? 1987ல கனடாவுல வின்னிபெக் டாக்டர்கள் வச்ச கேள்விகள், இன்னிக்கும் நோய் கிளறியிருக்கான்னு பாக்க இதைத்தான் கேக்குறாங்க. மூணுக்கும் ஆமா. சளி பச்சை. அன்னிக்கே காட்டி மருந்து தொடங்கினதால அட்மிசன் ஆகல. போன வருசம் இதே காத்துல ஆம்புலன்ஸ் வந்துச்சு.

06.07.2025

மேல எழுதினதைப் படிச்சிட்டு நாலு பேரு வாட்ச் கேட்டுக் கடைக்கு வந்துட்டாங்க. நிதானம். வாட்ச் நோயைக் கண்டுபிடிக்கல. குறைஞ்சிருக்குன்னு மட்டும்தான் சொல்லுச்சு. அதே அளவு சரிவு வேற எதுக்கெல்லாம் வந்திருக்குன்னு பாருங்க: மகள் வந்தப்ப, மூட்டு வலிச்சப்ப, டிவியில நாடகம் உச்சத்துல இருந்தப்ப, சுருக்குப்பை கதவு ஆணியில தொங்கினப்ப. ஏன்னு கேக்க வீட்ல ஒரு ஆள் இருக்கணும். துபாய்ல உக்காந்து ஆப்ல எண்ணைப் பாத்துக்கிட்டு இருந்தா அந்த மூணு கேள்விய யாரு கேக்குறது? வாப்பாவோட கணக்கு குறைஞ்சா மச்சான் போன் பண்ணித் திட்டுறாராம். திட்டுக்குப் பயந்து வாப்பா வாட்சைப் பேரன் கையில கட்டி விட்டுர்றாகளாம். 14,000 அடி. மச்சானுக்கு ஏக சந்தோசம்.

19.08.2025

எண்ணைக் காட்டினா மட்டும் ஆளு நடப்பாங்களா? அமெரிக்காவுல ஓய்வுபெற்ற படைவீரர்கள்கிட்ட சோதிச்சிருக்காங்க. இடுப்புல கருவி, இணையத்துல இலக்கு, ஊக்கம். நாலு மாசத்துல ஒரு நாளைக்கு 779 அடி கூடுதல். 12 மாசத்துல பாத்தா அந்த வித்தியாசம் காணாமப் போச்சு. கடையில வாட்ச் வாங்கிட்டுப் போறவங்களை நான் பாக்குறதும் அதேதான்.

எனக்குப் பிடிச்சது பார்சிலோனா பக்கம் கடலோர ஊர்கள்ல செஞ்சது, 2018ல வந்துச்சு. நோயாளியோட தெருவுலயே எங்க நிழல், எங்க உக்கார இடம், எங்க ஏத்தம்னு பாத்துத் தடம் போட்டுக் குடுத்திருக்காங்க. மொத்தமா எல்லாரையும் சேத்துப் பாத்தா பலன் தெரியல. சொன்னபடி நடந்தவங்களை மட்டும் பாத்தா ஒரு வருசம் கழிச்சும் 957 அடி கூடுதல். நடந்தவங்களுக்குப் பலன், நடக்காதவங்களுக்கு இல்லங்கிறதைக் கண்டுபிடிக்க இவ்வளவு செலவான்னு மாமா கேக்குறாரு. கேள்வி நியாயம்தான். ஆனா தடம் போடுற யோசனைய எடுத்துக்கிட்டேன்.

எங்க தடம்: வீடு, வேப்பமரத் திண்ணை, பள்ளிக்கூட முக்குக் கலுங்கு, டீக்கடை பெஞ்சு, குழாயடி. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல அம்மா நிக்காமப் போகக்கூடிய தூரம்தான். கருவாடு காயப் போடுற தெருவும், கரிமூட்டம் போடுற பக்கமும் தவிர்த்தாச்சு. மிளகா வத்தல் காயிற காலத்துல எங்க சொந்த ஊர்ப் பக்கம் கூட்டிட்டே போறதில்ல. முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைச்சது பெருமைதான், நெஞ்சுக்கு அதெல்லாம் தெரியாது. டீக்கடை பெஞ்சுல அம்மாவுக்கு இப்ப ஒரு சோடு சேந்திருக்கு, சங்கு மாலை கோக்குற ஒரு பாட்டி. அவுக வராத அன்னிக்குத்தான் கணக்கு குறையுது.

24.08.2025

சார்ஜ் ஏறல, ஏறலன்னு வர்ற வாட்ச்ல பாதி நல்ல வாட்ச். உப்புக்காத்துல முதுகுப் பக்கம் இருக்க பின்ல பச்சைக் களிம்பு பிடிக்கும். வேர்வையோட அப்படியே சார்ஜர்ல ஒட்டாதீங்க. துடைச்சுக் காயவிட்டு மாட்டுங்க. களிம்பு இருந்தா வாட்சை அணைச்சிட்டு, பஞ்சுல கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டுத் துடைச்சாப் போதும், பிளேடு வச்சுச் சுரண்டாதீங்க. வார் கட்டின இடத்துல அரிப்பு வந்தாலும் அதே உப்புதான் காரணம். ராத்திரி கழட்டிக் கைய நல்ல தண்ணியில கழுவணும். ஆக்சிஜனை நாள் முழுக்க அளக்கிற வசதிய அணைச்சு வச்சா பேட்டரி பல மடங்கு வரும். பெரியவங்களுக்கு எழுத்துப் பெருசா, சார்ஜ் வாரத்துக்கு ஒருக்காப் போட்டாப் போதும்ங்கிறதா பாருங்க. நூறு விளையாட்டு முறை இருக்குன்னு விளம்பரம் பண்றதுக்குக் காசு குடுக்காதீங்க. பனிச்சறுக்கு கூட இருக்கு.

12.10.2025

தொண்டிக்காரர் ரெண்டு வாட்ச் கேட்டிருக்காரு, ஒண்ணு அவருக்கு, ஒண்ணு வீட்டம்மாவுக்கு. அவருக்கு நோய் உறுதியானது. வீட்டம்மாவுக்கு "சும்மா மாடியேறினா மூச்சு வாங்கும், சளித்தொந்தரவு உண்டு, மத்தபடி ஒண்ணுமில்ல". விசாரிச்சா நாப்பது வருசமா மீன் அவிக்கிற அடுப்படியில வேலை பாத்தவுக. அவரு இது வரைக்கும் எத்தனையோ தடவை டெஸ்ட் எடுத்தாச்சு, வீட்டம்மா ஒருக்கா கூட எடுத்ததில்ல.

ரெண்டாவது வாட்சை நான் தரல. அந்தக் காசுக்கு மொதல்ல அவுகளைக் கூட்டிட்டுப் போயி ஊதிப் பாக்கிற டெஸ்ட் எடுங்க, ஸ்பைரோமெட்ரின்னு கேளுங்க. நெஞ்சக நோய்ப் பிரிவு இருக்க ஆஸ்பத்திரியில எடுப்பாங்க. வெறும் எக்ஸ்ரே பாத்துட்டு அனுப்பினா விடாதீங்க. பம்ப் மருந்து குடுத்து, பத்துப் பதினஞ்சு நிமிசம் கழிச்சு மறுபடி ஊதச் சொல்லணும். மொத விநாடியில வெளிய வர்ற காத்தை, முழுசா ஊதி முடிச்ச காத்தால வகுத்தா 0.70க்குக் கீழ வருதான்னு பாப்பாங்க. அந்த ரிப்போர்ட்டோட ஒரிஜினலைக் கேட்டு வாங்கி வச்சுக்கங்க. ஊதும்போது பல்செட்டு இறுக்கமா இருந்தா கழட்ட வேணாம், ஆடினா கழட்டிரணும். ஊதுறதுக்கு முன்ன வயிறு முட்டச் சாப்பிட வேணாம்.